"வயர் பிடிக்கிற வேலை என்னோடு போகட்டும்" என்கிறார் அப்பா. மகள் கேட்பதோ ஐடிஐ

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. ஊர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். எழுதியவருக்கு 43 வயது. எட்டாவது பாஸ், பத்தாவது பெயில். பதினெட்டு வயதில் ஒரு காண்ட்ராக்டரிடம் கையாளாகச் சேர்ந்தவர், இருபத்தைந்து வருடமாக வீட்டு வயரிங் செய்கிறார். சான்றிதழ் எதுவும் கிடையாது. புது வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கும்போதெல்லாம், வயரிங் முடிந்த அறிக்கையில் கையெழுத்துக்காக லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் போய் நிற்கிறார். "வேலை என்னுது, கையெழுத்து அவருது" என்று எழுதியிருக்கிறார்.

மகள் அரசுப் பள்ளியில் படித்து இந்த ஆண்டு பத்தாவது முடித்திருக்கிறாள். 338 மதிப்பெண். அறிவியலில் 84, கணக்கில் 46. விடுமுறையில் அப்பாவோடு சைட்டுக்குப் போய் வயர் இழுத்துப் பழகியவள். ஒருநாள் அவர்கள் வீட்டில் விளக்கு மங்கலாகவும், எதிர் வீட்டில் கண் கூசும்படியும் எரிந்திருக்கிறது. "நியூட்ரல் போயிருக்கு, மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று தெருவில் வீடு வீடாக ஓடிச் சொன்னது அவள்தான். அவளுக்கு அரசு ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேர வேண்டும். அப்பாவுக்கு மனசு இல்லை. "இந்த ஏணியும் தூசியும் என்னோடு போகட்டும். ஐடிஐ என்றால் படிப்பு வராதவர்கள் போகிற இடம். அதில் சேர்ந்தால் அப்புறம் டிகிரி படிக்கவும் முடியாது" என்கிறார். பள்ளி ஆசிரியர் பதினொன்றாம் வகுப்பில் சேரச் சொல்கிறார். இதற்கிடையில் தனியார் பயிற்சி நிறுவனத்தின் ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்து, "ஒரே வருடத்தில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா, அரசு அங்கீகாரம், நூறு சதவீதம் வேலை, 48,000 ரூபாய்" என்று பேசி 5,000 ரூபாய் முன்பணமும் வாங்கிப் போயிருக்கிறார். எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் பேனா மை தீரப் போகும் நேரத்தில் கேட்டது போல ஒரு வரி: "எனக்கு இனிமேல் ஏதாவது சர்டிபிகேட் கிடைக்க வழி இருக்கா ஐயா, இல்லை வயசு போயிடுச்சா?"

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மகள் விஷயத்தில் உங்களுக்கு வருகிற பாதிக் கோபம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் 28 வருடம் ஐடிஐயில் பயிற்சி அலுவலராக இருந்தவன். உங்களைப் போன்றவர்கள் மாலை நேரத்தில் வந்து வாசலில் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வயரிங் பிடிக்கவில்லை என்று நீங்கள் ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. கையெழுத்துக்காக நின்றதையும், காசு பிடித்தம் போனதையும், என்ஜினியர் பையன் 'ஏய்' என்று கூப்பிட்டதையும்தான் எழுதியிருக்கிறீர்கள். இவை மூன்றும் சான்றிதழ் இல்லாததால் வந்தவை. உங்கள் மகள் அந்தச் சான்றிதழோடு இந்த வேலைக்குள் வரப் போகிறேன் என்கிறாள். இரண்டும் ஒன்றல்ல.

உங்களுக்கு என்ன வழி

வயது போய்விடவில்லை. ஆனால் ஐடிஐ பெஞ்சில் உட்காருவது உங்களுக்குச் சரிப்படாது. தமிழ்நாட்டு அரசு ஐடிஐ சேர்க்கையில் ஆண்களுக்கு 40 வயது வரைதான். பெண்களுக்கு உச்ச வரம்பு இல்லை. (உங்கள் மனைவி விரும்பினால் சேரலாம், சிரிக்காதீர்கள், 45 வயதில் வந்து தையல் பிரிவில் படித்தவர் இருக்கிறார்.) வரம்பு இல்லாவிட்டாலும் இரண்டு வருடம் பகல் முழுக்க வேலையை விட்டுவிட்டு உங்களால் உட்கார முடியாது.

உங்களுக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. முதலாவது, மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துவது. அறிவிப்பு செய்தித்தாளில் வரும், அரசு ஐடிஐகளிலும் ஒட்டுவார்கள். படிப்புத் தகுதி எதுவும் கேட்பதில்லை. 21 வயது முடிந்திருக்க வேண்டும், வயரிங் வேலையில் ஐந்து வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும். உங்களிடம் ஐந்து மடங்கு இருக்கிறது. சிக்கல் அந்த அனுபவத்தைத் தாளில் காட்டுவதில்தான். முதன்முதலில் உங்களை வேலைக்கு வைத்த காண்ட்ராக்டர் இன்னும் உரிமம் வைத்திருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் தேதி தப்பிவிடும்.

இரண்டாவது கதவு இன்னும் பெரியது. ஐடிஐயில் படிக்காமலே, தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம். 21 வயது, தொழிலில் மூன்று வருட அனுபவம், அந்தப் பிரிவுக்கு உரிய கல்வித் தகுதி இருக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாவது தேர்ச்சி கேட்பார்கள். ஆனால் வயர்மேன் பிரிவுக்கு எட்டாவது போதும். தேறினால் இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தவருக்குக் கிடைக்கிற அதே தேசியத் தொழிற்சான்றிதழ், என்டிசி என்கிறோமே, அதுவே உங்களுக்கும். செய்முறையில் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எழுத்துத் தேர்வுதான் படுத்தும். ஓம் விதியை உங்கள் விரல் அறியும், தாளில் எழுதிப் பழக்கமிருக்காது. அதற்கு வீட்டிலேயே ஒரு வாத்தியார் இருக்கிறாள்.

ஒன்றை மட்டும் தவறாக நினைத்துவிட வேண்டாம். உதவியாளர் சான்று வந்த மறுநாளே மின்வாரிய அறிக்கையில் நீங்களே கையெழுத்துப் போட முடியாது. உதவியாளர், கம்பியாள், மேற்பார்வையாளர் என்று படிகள் உண்டு. ஒப்பந்ததாரர் உரிமம் அதற்கும் மேலே தனியானது. இவற்றைக் கொடுப்பது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். அதுவரை இப்போது செய்கிற ஏற்பாட்டில் இருக்கிற ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். பார்க்காத வேலைக்கு ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். நாளைக்கு ஒரு ஷார்ட் சர்க்யூட்டில் தீப்பிடித்தால் அவர் "நான் செய்யவில்லை" என்பார், உங்களிடம் "எந்தத் தகுதியில் செய்தாய்" என்று கேட்பார்கள். அவரை ஒரு நாளாவது சைட்டுக்கு வரவழைத்து, எர்த்தையும் இன்சுலேஷனையும் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வர மாட்டேன் என்றால் ஆளை மாற்றுங்கள்.

இன்னொன்று, கடிதத்தில் நீங்கள் கேட்காதது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? கட்டட மின்பணி செய்கிறவர்களும் 18 முதல் 60 வயது வரை பதியலாம். பதிந்திருந்தால் பிள்ளையின் ஐடிஐ, பாலிடெக்னிக் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. விபத்து இழப்பீடும் 60 வயதுக்கு மேல் ஓய்வூதியமும் உண்டு. ஏணியில் ஏறுகிறவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஐடிஐ சேர்ந்தால் டிகிரிக் கதவு மூடிவிடுமா

மூடாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பத்தாவது முடித்து, மேல்நிலை இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம்: மொத்தம் ஆறு. பத்தாவது முடித்து நேராகப் பாலிடெக்னிக் மூன்று வருடம், பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து மூன்று வருடம்: அதுவும் ஆறு. பத்தாவது முடித்து ஐடிஐ இரண்டு வருடம், பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து இரண்டு வருடம், பி.இ. மூன்று வருடம்: ஏழு. ஒரு வருடம் கூடுதல், அவ்வளவுதான். அந்த ஒரு வருடத்துக்குப் பதிலாகக் கையில் ஒரு தொழில் இருக்கும், நடுவில் எந்த இடத்தில் பணமோ மனசோ இடறினாலும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு நிற்கிற பிள்ளையிடம் அது இல்லை.

பி.இ. வேண்டாம், வேறு டிகிரி என்றாலும் வழி இருக்கிறது. பத்தாவது தேறி இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று கிடைக்கும். அரசாணையே இருக்கிறது. பல பெற்றோருக்கு மட்டுமல்ல, சில பள்ளிகளுக்கும் இது தெரிவதில்லை.

'படிப்பு வராதவர்கள் போகிற இடம்' என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். முதல் வாரத்தில் பிள்ளைகள் கையில் ஒரு இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுப்போம். நான்கு பக்கமும் மட்டமாக, மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரியாதபடி ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். நூறு மதிப்பெண் வாங்கிய பையன் அதில் திணறியதுண்டு, கணக்கில் ஜஸ்ட் பாஸ் ஆன பெண் மூன்றாம் நாளே முடித்துக் கொடுத்ததும் உண்டு. இரண்டாவது வாரம் சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள், பெரும்பாலும், இது என்ன வேலை என்றே பார்க்காமல் வந்தவர்கள். உங்கள் மகள் நான்கு கோடை விடுமுறை பார்த்துவிட்டு வருகிறாள்.

பதினொன்றாம் வகுப்பு பற்றி ஆசிரியர் சொன்னதில் தவறில்லை. ஆனால் எந்தக் குரூப் என்று கேளுங்கள். 46 மதிப்பெண்ணோடு கணக்கு–உயிரியல் குரூப்பில் போட்டால் இரண்டு வருடம் அவளுக்குப் பாரமாக இருக்கும். தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்று, 1978ல் மேல்நிலைக் கல்வி வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. அதில் அடிப்படை மின்பொறியியல் உண்டு. பொறியியல் சேர்க்கையில் அப்படிப் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் அந்தப் பிரிவு கிடையாது. பக்கத்தில் இருந்தால் சேர்ப்பதற்கு முன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் இருக்கிறாரா, மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

பெண் பிள்ளை, ஏணி, கம்பம்

நீங்கள் மூன்று இடத்தில் 'கம்பம் ஏற வேண்டுமே' என்று எழுதியிருக்கிறீர்கள். எலெக்ட்ரீஷியன் பாடத்தில் வீட்டு வயரிங் ஒரு பகுதிதான். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், வைண்டிங், ஸ்டார்ட்டர், கன்ட்ரோல் பேனல் என்று அது விரிகிறது. ஆலையில் பேனல் முன்னால் நின்று வேலை பார்க்கிறவரும் எலெக்ட்ரீஷியன்தான். 2023ல் டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைத் தமிழ்நாடு அரசு புதுப்பித்தது. ரோபாட்டிக்ஸ், மின்வாகன மெக்கானிக் போன்ற பிரிவுகள் அவற்றில் வந்திருக்கின்றன. உங்கள் ஊருக்கு அருகில் எது என்று விசாரித்து, எலெக்ட்ரீஷியனோடு அதையும் அவளுக்குக் காட்டுங்கள். மதுரையில் மகளிருக்கென்றே அரசு ஐடிஐ இருக்கிறது. ஆனால் பெண்கள் மட்டும் படிக்கும் இடம் என்பதற்காக அவள் கேட்காத பிரிவில் தள்ளிவிடாதீர்கள். கழிவறை, பேருந்து நேரம், விடுதி, கூடப் படிக்கும் பெண்கள் எத்தனை பேர்: இவை நியாயமான கேள்விகள், வெட்கப்படாமல் முதல்வரிடமே கேளுங்கள்.

செலவைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, புத்தகம், வரைபடக் கருவி, மிதிவண்டி, பஸ் பாஸ் எல்லாம் அரசு தருவது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஐடிஐக்கும் அது பொருந்தும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் கிடைக்கும். சேரும் நாளில் நடப்பில் இருப்பதை அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த 48,000 ரூபாய் டிப்ளமா

இதில் மட்டும் நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. பத்தாவது முடித்த பிள்ளைக்கு மின்பொறியியல் டிப்ளமா மூன்று வருடம். ஒரே வருடத்தில் தருகிறேன் என்பவர் தருவது அந்த டிப்ளமா இல்லை. 'டிப்ளமா' என்ற சொல்லை அச்சடிக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, அதுதான் தொல்லை. அதை வைத்துக்கொண்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர முடியாது, ரயில்வே விண்ணப்பத்திலும் செல்லாது.

அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ஐடிஐ என்றால், என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) இணைப்பு இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு, எத்தனை இடத்துக்கு? பாலிடெக்னிக் என்றால், ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலும் தொழில்நுட்பக் கல்வி இயக்கக இணைப்பும் இருக்கிறதா? இரண்டையும் இணையத்தில் சரிபார்க்கலாம். 'அரசு அங்கீகாரம்' என்று நோட்டீசில் போட்டிருப்பது பல நேரம் சங்கமாகவோ டிரஸ்டாகவோ பதிவு செய்த தாளைத்தான் குறிக்கும். அசல் மதிப்பெண் பட்டியலையும் டிசியையும் கொடுத்திருந்தால் நாளையே போய் வாங்கி வந்துவிடுங்கள். கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். 5,000 ரூபாய்க்கு ரசீது இருந்தால், பணத்தைத் திருப்பித் தருமாறு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தரலாம், தராமலும் போகலாம். அந்த ஐயாயிரம் போய்விடுமே என்று இன்னொரு நாற்பத்து மூவாயிரத்தைக் கட்டிவிடாதீர்கள். ஆள் பிடிக்க வருகிறவர் அந்த எண்ணத்தை நம்பித்தான் முன்பணம் வாங்குகிறார்.

தனியார் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நன்றாக நடத்துகிற தனியார் ஐடிஐகள் உண்டு, அவற்றில் அரசு ஒதுக்கீட்டு இடங்களை அரசுக் கலந்தாய்வு வழியாக நிரப்புகிறார்கள். வீடு தேடி வந்து 'நூறு சதவீதம் வேலை' என்று சொல்கிறவரைத்தான் சந்தேகப்படச் சொல்கிறேன்.

அப்ரண்டிஸ் பற்றி ஒரு வார்த்தை

"ஐடிஐ முடித்து அப்ரண்டிஸ் போனால் அந்தக் கம்பெனியிலேயே பெர்மனென்ட் ஆகிவிடலாமாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்ரண்டிஸ் என்பது ஒரு நிறுவனத்தில் தொழில் பழகுநராக இருப்பது. அதனால் மட்டும் தானாக பெர்மனென்ட் ஆகாது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, பயிற்சி முடிந்தவருக்கு வேலை தர வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால்தான் உண்டு. பயிற்சியாளர் அங்கே தொழிலாளியும் ஆக மாட்டார். ஆனாலும் போகலாம் என்பேன். திருச்சி பெல், நெய்வேலி, பெரம்பூர் ஐசிஎஃப் போன்ற இடங்களில் ஒரு வருடம் நின்றவர் கையில் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் இருக்கும். ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு, அதன் அடிநிலைப் (லெவல் 1) பணிகளில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் தேர்வு எழுத வேண்டும். உதவி லோகோ பைலட் வேலைக்கும் பத்தாவதும் ஐடிஐயும் போதும், எலெக்ட்ரீஷியன் அந்தப் பட்டியலில் உண்டு.

எங்கே சேர்ந்தாலும் அரசு அப்ரண்டிஸ் தளத்தில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாமல் 'டிரெய்னி' என்று வைத்துக்கொள்வது வேறு கதை. 2019 விதியில் ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு மாதம் 7,000 ரூபாய் குறைந்தபட்சம் என்று வைத்தார்கள். அதற்குக் கீழே பேசினால் ஏன் என்று கேளுங்கள். அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. பயிற்சியில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு. ஆபத்தான தொழில்களில் 18 வயது ஆகாமல் எடுக்க மாட்டார்கள். உங்கள் மகள் படிப்பை முடிக்கும்போது பதினேழை ஒட்டித்தான் இருப்பாள், அதனால் கொஞ்சம் காத்திருக்க நேரலாம். இன்னொன்று, பெரிய தொழிற்சாலைகள் பெண்களை பஸ் வைத்து அழைத்துப் போகின்றன. நல்லதுதான். ஆனால் எலெக்ட்ரீஷியன் படித்தவளை இரண்டு வருடம் ஒரே ஸ்க்ரூவை முடுக்க வைத்தால் படித்தது மறந்துவிடும். சம்பளத்தோடு, என்ன வேலை என்பதையும் கேட்க வேண்டும்.

என் அபிப்பிராயம்

நேராகப் பாலிடெக்னிக் சேர்த்தால் ஒரு வருடம் மிச்சம்தானே என்று கேட்பீர்கள். கணக்கில் 70, 80 வாங்கியிருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். முதலாண்டில் பெரும்பகுதி கணக்கும் இயற்பியலும் வேதியியலும்தான். 46 வாங்கிய பிள்ளை அங்கே அரியர் வைத்து, 'எனக்கு எலெக்ட்ரிக்கலே வராது போல' என்று தன்னைத் தானே தப்பாக எடை போட்டுவிடும். ஐடிஐயில் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பாலிடெக்னிக் போகிறவளுக்கு அதே பாடம் வேறு மாதிரி இறங்கும். ஆனால் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிறவர்களும் எழுத்துப் பாடத்தில் முதல் சில மாதம் தடுமாறுவார்கள், அதை மறைக்க மாட்டேன். ஐடிஐயில் இருக்கும்போதே ஆங்கிலத்தையும் கணக்கையும் விட்டுவிடாமல் வாரம் இரண்டு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே அவள் கேட்கிற எலெக்ட்ரீஷியனே சரி. விண்ணப்பம் இணையத்தில், வீட்டில் வசதி இல்லையென்றால் அரசு ஐடிஐகளில் உதவி மையம் இருக்கும், கட்டணம் 50 ரூபாய். எலெக்ட்ரீஷியன் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். வயர்மேன், ஃபிட்டர், ஏசி மெக்கானிக் என்று அடுத்த விருப்பங்களையும் அவளே வரிசைப்படுத்தட்டும். மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ இவற்றோடு ஒரு வேலை நாளில் இருவருமாகப் போங்கள். அலுவலகத்தில் வேலை முடிந்ததும் அப்படியே திரும்பிவிடாமல், எலெக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே இருக்கிற பயிற்சி அலுவலரிடம் உங்கள் தனித்தேர்வு பற்றியும் கேட்டுவிடுங்கள், வயர்மேன் பிரிவு என்று சொல்லுங்கள். மகள் பக்கத்தில் நிற்கும்போதே கேளுங்கள்.